ஹெல்மெட்டுக்குள் இரண்டு மூச்சு

வெண்டோவர் ஊரிலிருந்து எங்கள் படக்குழு உப்புவெளிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. தார்ச்சாலை சொல்லாமல் கொள்ளாமல் முடிந்துபோகும் இடத்தில் வேனை நிறுத்தி, எல்லோரையும் போலக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உப்பில் இறக்கினேன். டயருக்கடியில் கொஞ்ச தூரம் ஒரு நொறுங்கல் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

இருட்டில் ஒன்றும் தெரியாது என்று பயப்படுகிறார்கள். பொன்னவில் என்ற இந்த உப்புவெளியில் எல்லாம் தெரியும். எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியாது. பக்கத்தில் நிற்கிற கூடாரம் மிதக்கும். தொலைவிலிருக்கும் மலைக்கு அடிப்பாகமே இருக்காது. உப்பின் வாடையோடு பந்தய எரிபொருளின் காரமும் மூக்கில் ஏறும். மற்ற இடங்களில் ஒரு சத்தம் போட்டால் அது எதிலாவது முட்டித் திரும்பி வரும். இங்கே முட்டுவதற்கு எதுவுமில்லை. கத்தினால் போய்விடும், அவ்வளவுதான்.

இதை நான் கவனிப்பதற்குக் காரணம் என் தொழில். தொலைக்காட்சிக்கு ஒலிப்பதிவு செய்கிறேன். பெயர் அராம். வீட்டில் கம்பள வியாபாரம். வாங்க வந்தவரின் வாய் ‘வேண்டாம்’ என்னும்போது மூச்சு ‘வேண்டும்’ என்று சொல்வதைக் கேட்டு வளர்ந்தவன். அந்தக் காதை வைத்துத்தான் இன்னும் பிழைக்கிறேன்.

நிகழ்ச்சியைத் தயாரித்தவள் ஷெல்பி. கொட்டகையில் சொந்தமாக வண்டி கட்டி, வருடத்துக்கு ஒரு வாரம் இந்த உப்பில் கொண்டுவந்து எவ்வளவு வேகம் போகிறது என்று பார்க்கும் அமெச்சூர்களைப் பற்றியது. பரிசு கிடையாது. சாதனையை உடைத்தால் புத்தகத்தில் ஒரு வரி, தலைக்கு ஒரு சிவப்புத் தொப்பி. அந்தத் தொப்பிக்காக விவாகரத்து வரை போனவர்களை எனக்குத் தெரியும். ஷெல்பி அப்படிப்பட்டவர்களை முகர்ந்தே கண்டுபிடிப்பாள்.

அந்த ஆகஸ்டில் அவள் பிடித்தது ட்ரூடி ஹாஸ்கின்ஸை. பேக்கர்ஸ்ஃபீல்டில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருப்பவள், வயது ஐம்பத்தெட்டு. இரண்டு கோடைக்கு முன் அவள் கணவன் ராய்ஸ் இதே உப்பில், இதே வண்டியில் செத்தான்.

வண்டிக்குப் பெயர் வெள்ளிச் சுருட்டு. பழைய போர்விமானத்தின் எண்ணெய்த் தொட்டியை அறுத்து, நாலு சக்கரம் வைத்து, நடுவில் ஆள் படுக்க ஒரு குழி. ராய்ஸும் அவன் கூட்டாளி எல்டனும் சேர்ந்து கட்டியது. ராய்ஸ் ஓட்டுவான், எல்டன் மற்ற எல்லாம் செய்வான்.

உப்பின் சட்டம் இது. ஒரு தடவை வேகமாகப் போனால் சாதனை ஆகாது. முதல் நாள் ஓட்டத்தில் பழைய சாதனை வேகத்தைத் தாண்ட வேண்டும். அதன் பிறகு வண்டியை அதிகாரிகள் காவல் முற்றத்தில் வைத்துக்கொள்வார்கள். மறுநாள் காலை அதே வண்டி, அதே ஆள், இன்னொரு ஓட்டம். இரண்டின் சராசரிதான் புத்தகத்துக்குப் போகும். ராய்ஸ் முதலாவதை முடித்தான். இரண்டாவதில், வண்டியை நிறுத்தப் பின்னால் விரிக்கும் பாராசூட்டை இழுக்கவில்லை. உப்பு முடிகிற சேற்றில் போய் உருண்டான். வேகப் பேராசையில் இழுக்க மனம் வரவில்லை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

எல்டன் வண்டியைத் திரும்பக் கட்டினான். இரண்டு ஓட்டத்தையும் முடித்து, ராய்ஸின் வண்டியைப் புத்தகத்தில் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டும்தான் ட்ரூடிக்கு.

“மூச்சை விடு,” என்றான் எல்டன். அவள் குழிக்குள் படுத்திருந்தாள். அவன் விளிம்பில் முழங்காலை ஊன்றி அவளுடைய தோள் வாரை இழுத்துக்கொண்டிருந்தான்.

“விட்டாச்சு.”

“இன்னும் விடு. காலைல எத்தனை பான்கேக் தின்ன?”

“நீ சமைக்கிற பீன்ஸுக்கு பயந்து கசினோவுல தின்னேன், கெழவா. எண்ணிக்கிட்டா தின்பாங்க. நீ இழு.”

இங்கே ஓட்டுநர்கள் மனைவியை மாற்றுவார்கள், பெல்ட் கட்டிவிடுகிறவனை மாற்ற மாட்டார்கள். தனக்குத் தானே கட்டிக்கொள்ள முடியாது. இன்னொருவன் காலை ஊன்றி இழுத்தால்தான் அந்த இறுக்கம் வரும். கடைசியாக மணிக்கட்டு வார். வண்டி உருண்டால் கை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. கை பாராசூட் லீவர் வரைக்கும் போகும், அதைத் தாண்டி ஒரு விரற்கடை போகாது. ராய்ஸுக்கும் எல்டன்தான் கட்டினான். எல்டனிடமும் ஓட்டுநர் உரிமம் இருந்தது. அவன் பெயரில் ஒரு வண்டி ஒரு நாளும் உப்பில் ஓடியதில்லை.

டிரக்கால் தள்ளித்தான் இப்படிப்பட்ட வண்டியைக் கிளப்புவார்கள். டிரக்கை எல்டன் ஓட்டினான். நான் பக்கத்தில், காதில் ஹெட்போன். ட்ரூடியின் ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக் வைத்திருந்தேன். டிரக் அவளைத் தள்ளி விட்டு ஒதுங்கியது. வெள்ளிச் சுருட்டு உறுமிக்கொண்டு கானல்நீருக்குள் போய்ச் சிறுத்து, இல்லாமல் போனது.

காதில் அவளுடைய மூச்சு. குட்டையாக, வேகவேகமாக.

அதற்கு அடியில் இன்னொரு மூச்சு.

வேறு யாராவது என் அலைவரிசையில் வந்துவிட்டார்களா என்று பார்த்தேன். இல்லை. எதிரொலியாக இருக்கலாம் என்றால், அது இந்த ஊரில் இல்லாத சரக்கு. அவள் மூச்சைப் பிடித்தாள். மற்றது பிடிக்கவில்லை. நிதானமாக, மூக்கடைத்த ஆண்பிள்ளை மூச்சு, இழுத்து விட்டுக்கொண்டிருந்தது.

பாராசூட் ‘பட்’டென்று விரியும் சத்தம். ரேடியோவில் அறிவிப்பாளர் வேகத்தைப் படித்தார். பழைய சாதனையைத் தாண்டியிருந்தது. எல்டன் ஸ்டீயரிங்கை ஓங்கித் தட்டினான்.

“போட்டா பாரு. நாய்க்கு முடி வெட்டுற கையா அது?”

அவளை ஏற்றி வரப் பக்கத்துப் பாதையில் விரட்டினோம். தூரத்தில் வண்டி ஒரு வெள்ளிப் பூச்சி மாதிரி நின்றது. ஓட்டம் முடிந்து நலமாக இருந்தால் ஓட்டுநர் பெல்ட்டைத் தட்டி அவிழ்த்து, மூடியைத் திறந்து ஒரு கையை உயர்த்துவார். அதைப் பார்த்தால்தான் ஆம்புலன்ஸ்காரர்கள் திரும்பிப் போவார்கள்.

குழியிலிருந்து ஒரு கை எழுந்தது.

“கை காட்டுறா. நல்லா இருக்கா,” என்றான் எல்டன்.

டிரக்கின் வேகம் குறைந்தது. அவன் கால் முடுக்கியிலிருந்து நழுவியிருந்தது. கையுறை கறுப்பாக இருந்தது. ட்ரூடியுடையது வெள்ளி நிறம், அன்று காலை மைக் வைக்கும்போது நானே பார்த்தேன். கை நீளமாகவும் இருந்தது. விரல்கள் விரிந்தபடி, எதையோ எட்டிப் பிடிக்கப் பார்ப்பது போல முன்னும் பின்னும் துழாவின.

“எல்டன்?”

அவன் முடுக்கியை மறுபடி மிதித்தான்.

நாங்கள் போய் நின்றபோது மூடி சாத்தித் தாழிட்டபடியே இருந்தது. எல்டன் வெளித் தாழைத் தட்டித் திறந்தான். கட்டின கட்டு அப்படியே இருக்க, ட்ரூடி வியர்வையில் ஊறிப்போய்க் கிடந்தாள்.

“எவ்ளோ நேரம்யா? உள்ள வெந்துக்கிட்டிருக்கேன்.”

“நீ கை காட்டினியா?” என்றான்.

“பெல்ட்டையே இன்னும் அவுக்க முடியல. கட்டிப் போட்ட கையை எப்படிக் காட்டுறது? வெயில் ஏறிடுச்சா உனக்கு?”

அவளை வெளியே எடுத்துவிட்டதும் நேரே என்னிடம் வந்தாள். குழு பேசுவதைக் கேட்பதற்காகக் காதில் வைத்திருந்த ரேடியோ குமிழைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“தம்பி, உங்க அம்மா இருக்காங்களா?”

“இருக்காங்க.”

“நாளைக்கு அவங்க போனப்புறம், அவங்க குரலை யாராவது உன் காதுல போட்டு, நீ அழுறியான்னு படம் எடுத்தா எப்படி இருக்கும்?”

“நான் எதையும் போடல.”

“ராய்ஸ் பேசினான். இந்தக் காதுல. ‘கை எட்டல’ன்னான்.” அவள் குரல் உயரவில்லை. “ஷெல்பிகிட்ட சொல்லு, பழைய டேப்பையெல்லாம் தோண்டி எடுக்கிற வேலை வச்சுக்க வேண்டாம்னு.”

என் வேனுக்குள் போய், பதிவானதை ஷெல்பிக்கும் எல்டனுக்கும் போட்டுக் காட்டினேன். இரண்டு மூச்சும் தெளிவாக இருந்தன. பாராசூட் விரிந்த பிறகு, ட்ரூடியின் மூச்சு அடங்கும் நேரத்தில், டிரக்கில் எல்டன் போட்ட கூச்சலில் நான் தவறவிட்டது: மைக்கை உதட்டில் ஒட்டிவைத்துப் பேசியது போல ஒரு ஆண்குரல்.

*கை எட்டல. எல்டன், கை எட்டல.*

எல்டன் எழுந்து வெளியே போனான். ஷெல்பி இன்னொரு தடவை போடச் சொன்னாள். மதிப்புத் தெரியாத ஒருவன் அடிமாட்டு விலைக்கு விரித்து வைத்த கம்பளத்தைப் பார்க்கிற கண் அது.

“நீ போட்டியா இதை?” என்றேன்.

“இல்ல செல்லம். எனக்குத் தோணாம போச்சேன்னுதான் வயிறு எரியுது.” அவளும் இறங்கிப் போனாள்.

தொலைக்காட்சியில் வேலை பார்க்கிறவனுக்குத் தெரிந்த ஒரு உண்மை: சட்டைக்குள் மைக் இருப்பதை மனிதர்கள் ஒரு மணி நேரத்தில் மறந்துவிடுவார்கள். ஷெல்பி மாதிரி ஆட்கள்கூட, எதிரே நிற்பவனின் சட்டையில் இருப்பதை மறப்பார்கள். காலையில் எல்டன் சட்டையில் மாட்டிய மைக்கை நான் அணைக்கவில்லை. ஜெனரேட்டருக்குப் பின்னால் அவர்கள் நின்று பேசியது என் காதுக்கு வந்தது.

“அந்த கேமராதான்,” என்றான் எல்டன். “ரெண்டு வருஷம் முன்னாடி நீ வைக்கச் சொன்னது.”

“நான் கேட்டேன். வச்சது நீ.”

“பரிசோதனை முடிஞ்ச வண்டில எதையும் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்.”

“சொன்ன. உன்னை ஓட்ட வச்சு ஒரு சீசன் எடுக்கிறேன்னதும் வச்ச.”

உப்பில் யாரோ காலை மாற்றி வைக்கும் நொறுங்கல்.

“மணிக்கட்டு வார் அந்த கேமரா கிளாம்புல மாட்டிக்கிச்சு, ஷெல்பி. நான்தான் முதல்ல போய்ச் சேர்ந்தேன். அவன் கை லீவருக்கு இவ்ளோ பக்கத்துல நீட்டிக்கிட்டு இருந்துச்சு. இவ்ளோதான்.”

“அதைக் கழட்டி பாக்கெட்டுல போட்டுக்கிட்டதும் நீதான். பேராசைன்னு ஊர் பேசினப்ப தலையாட்டினதும் நீதான். இப்ப என்ன என்கிட்ட?” ஷெல்பியின் குரல் இளகியது. “நாளைக்கு அதே இடத்துல வை.”

“என்ன?”

“கேமரா இல்லாமலே பேசுறான். அதே இடத்துல அதே கேமரா இருந்தா அவ முகத்துல என்ன வருதுன்னு எனக்குப் பார்க்கணும். வாரை மட்டும் தள்ளிக் கட்டு. உனக்கா சொல்லித் தரணும்? இந்தத் தடவை நிஜமாவே உனக்கொரு சீசன்.”

நான் அவன் மூச்சைக் கேட்டேன். உள்ளே இழுத்து, நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டான். எங்கள் கடையில் ஆயிரம் தடவை கேட்ட மூச்சு. விலை படிந்துவிட்டது.

அவன் விட்டு முடித்த பிறகும் அந்த மைக்கில் மூச்சு நிற்கவில்லை.

அவனுக்குப் பின்னாலிருந்து, நிதானமாக, மூக்கடைத்தபடி வந்துகொண்டிருந்தது.

மறுநாள் காலை, காவல் முற்றம் திறப்பதற்கு முன்பு, ட்ரூடியைத் தனியே கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டேன். சூரியன் இன்னும் மலைக்குப் பின்னால்தான் இருந்தது. உப்பு நீலமாகக் கிடந்தது. அவள் காப்பிக் கோப்பையோடு நின்று முழுவதையும் கேட்டாள். கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி, கம்பியை ஒழுங்காகச் சுற்றி என்னிடம் கொடுத்தாள். காப்பியைக் கீழே ஊற்றினாள்.

“பன்னெண்டு வருஷம்,” என்றாள். “கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுலதான் சாப்பாடு அவனுக்கு. ராய்ஸ் போனப்புறமும் நான்தான் கூப்பிட்டேன். வான்கோழியை அறுத்துக்கிட்டே சொன்னான், ‘அவனுக்கு வேகம்னா பைத்தியம், ட்ரூடி’ன்னு.”

“அதிகாரிங்ககிட்ட போவோம். நிறுத்திடுங்க.”

“நிறுத்தினா இன்னைக்கு ஓட்டம் போச்சு. புத்தகத்துல ஒண்ணும் வராது. பேராசையில செத்தான்ங்கிறது மட்டும்தான் அவன் பேர்ல மிஞ்சும்.” கோப்பையை ஆட்டி மிச்சத் துளியையும் உதறினாள். “நானும் அப்படித்தான் நினைச்சேன், தம்பி. அடக்கம் பண்ணின அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் நின்னு திட்டினேன். என்னைவிட உனக்கு அந்த வேகம் பெருசாப் போச்சான்னு. வாயில வந்ததையெல்லாம் சொன்னேன். அவன் பாட்டுக்குக் கை எட்டாம கத்தியிருக்கான்.”

தொடக்கக் கோட்டில் அவள் குழிக்குள் இறங்கிப் படுத்தாள். எல்டன் விளிம்பில் முழங்காலை ஊன்றினான். ஷெல்பியின் கேமராக்காரன் இருவரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“எங்க வச்சிருக்க?” என்றாள் ட்ரூடி.

“எதை?”

அவள் அவனையே பார்த்துக்கொண்டு இடது கையால் பக்கவாட்டில் தடவினாள். கை ஓரிடத்தில் நின்றது. ஒரு முறுக்கு. விரல் அளவு கேமராவும் அதன் இரும்புக் கிளாம்பும் கையோடு வந்தன. அதை எல்டனின் சட்டைப் பாக்கெட்டில் போட்டு, பாக்கெட்டைத் தட்டிவிட்டாள்.

“வச்சுக்க. உனக்குப் பழக்கந்தான.”

எல்டன் கையால் பாக்கெட்டைப் பொத்தினான். ஷெல்பி மட்டும் தலையை மெல்ல ஆட்டினாள். அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

“பெல்ட்டை இழு,” என்றாள் ட்ரூடி.

“ட்ரூடி, நான்...”

“இழுன்னேன். நல்லா இழு. அது ஒண்ணுதான் நீ ஒழுங்கா செஞ்சது.”

அவன் இழுத்தான். மூன்றாவது தடவைதான் வார் இறுகியது. மூடியைச் சாத்தினார்கள். எங்கள் டிரக் பின்னால் வந்து தொட்டு நின்றது. ஹெட்போனில் அவள் கிசுகிசுப்பது கேட்டது. வெளியே யாருக்கும் கேட்டிருக்காது.

“ராய்ஸ். இனி வேற யாரையும் நம்பறதா இல்ல. நீ சொல்லு, நான் இழுக்கிறேன்.”

பதிலுக்கு ஒரு நீண்ட மூச்சு.

தள்ளிவிட்டோம். போனாள். வெள்ளைக்குள் வெள்ளியாகக் கரைந்தாள். எல்டன் டிரக்கை நிறுத்திவிட்டு, எஞ்சினை அணைக்காமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அறிவிப்பாளர் மைல் மைலாக வேகத்தைப் படித்தார். இருநூற்று முப்பது. இருநூற்று ஐம்பது. இருநூற்று அறுபத்தைந்து. முற்றத்துப் பக்கமிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள்.

சாதனை வந்துவிட்டது. இனி பாராசூட்டை இழுத்து நிற்க வேண்டியதுதான்.

“இப்பவா?” என்றாள் ட்ரூடி.

*இன்னும் இல்ல.*

அன்பான குரல். படுக்கையறையில் பேசுகிற குரல்.

“கடைசிக் கொடியைத் தாண்டிட்டேன். இப்பவா?”

*இன்னும் இல்ல, ட்ரூடி.*

ரேடியோவில் அறிவிப்பாளர் சிரித்துக்கொண்டே எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டார். பிறகு வேறு குரலில், “வண்டி வேகம் குறையல. மீட்பு வண்டி, கவனிங்க,” என்றார்.

நான் ரேடியோவின் பேச்சுப் பொத்தானை அழுத்தி, “இழுங்க, இழுங்க,” என்றேன். அவளுடைய ரேடியோ குமிழ் முந்தின நாளிலிருந்து என் பாக்கெட்டில் இருந்தது.

அவளுக்கு என் குரல் கேட்கவே வழியில்லை. அப்படியென்றால் ராய்ஸின் குரல் எதன் வழியாகக் கேட்டது என்று அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது.

“உப்பு மெலிசாகுது, ராய்ஸ். கறுப்பாத் தெரியுது. சேறு.”

*தெரியும்.*

“இழுக்கிறேன்.”

*நீ என்னைத் திட்டினியே.*

அவள் மூச்சு நின்றது.

*மண்ணு காயறதுக்குள்ள நின்னு திட்டினியே. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன்.*

“எனக்குத் தெரியாது. எனக்கு அவங்க சொல்லல.”

*எல்டன் சொன்னதை நம்பின. என்னை நம்பல.*

எஞ்சின் ஒலிக்குள் வேறொரு சத்தம் கலந்தது. துணி மேல் துணி உரசுகிற சத்தம்.

“கையை விடு,” என்றாள் ட்ரூடி.

பக்கத்தில் எல்டன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு என்ன கேட்கிறது என்று அவன் கேட்கவில்லை.

“ராய்ஸ், கையை விடு.”

*இன்னும் இல்ல.*

அதன் பிறகு அவள், ரொம்பச் சோர்ந்துபோன குரலில், கடைசி ஆளும் கடையைச் சாத்திவிட்டுப் போனதைப் பார்த்தவள் போலச் சொன்னாள்.

“அப்போ நீயும் அவங்களோட சேர்ந்த ஆளுதான்.”

பட்.

வண்டி நின்ற இடத்தில் முன் சக்கரம் இரண்டும் சேற்றில் இருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மூடியைத் திறக்க எல்டன் கையை நீட்டினான். உள்ளேயிருந்து அவள், “அவன் வேண்டாம். நீ எடுத்து விடு, தம்பி,” என்றாள். நான்தான் கழற்றினேன். வலது கையைக் குறுக்கே நீட்டி, வார் விட்ட கடைசி அங்குலத்தில், இடது பக்க லீவரை விரல் நுனியால் இழுத்திருக்கிறாள். இடது கையைத் தூக்கவே முடியவில்லை. வெள்ளிக் கையுறையைக் கழற்றினோம். மணிக்கட்டைச் சுற்றி நாலு விரலும் ஒரு கட்டைவிரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

“வார் அழுத்தியிருக்கும்,” என்றார் ஆம்புலன்ஸ்காரர்.

“ஆமா,” என்றாள் ட்ரூடி.

சாதனை உடைந்தால் அதோடு முடிவதில்லை. வண்டியைப் பரிசோதனைக் கூடாரத்துக்கு இழுத்து வந்து, எஞ்சினைத் திறந்து, அது சொன்ன அளவுதானா என்று அளந்து பார்த்த பிறகே பெயர் எழுதுவார்கள். கூடாரத்துக்குள் எண்ணெய் வாடை. பனிப்பெட்டியில் குளிர்பானம். யாரோ ட்ரூடியின் தலையில் சிவப்புத் தொப்பியை வைத்துக் கை தட்டினார்கள். அவள் அதைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன். எல்டன் கூடாரத்துக்கு வெளியே, டிரக்கில் சாய்ந்து நின்றான். ஷெல்பி யாரோடோ தொலைபேசியில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அளவெடுக்க வந்தவர் வெர்ன் என்ற கிழவர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தார். குழிக்குப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்தார். எங்கள் பக்கம் திரும்பினார்.

“அளக்கணும்மா. உள்ள படுத்திருக்கிறவரைக் கொஞ்சம் எறங்கச் சொல்லுங்க.”

கூடாரத்தில் யாரும் அசையவில்லை. ட்ரூடியின் விரல்கள் தொப்பியின் விளிம்பைப் பிடித்தன.

வெர்ன் மறுபடி குனிந்தார். காது மந்தமானவர் கேட்பது போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“பெல்ட் கட்டியிருக்காம். தானா கழட்ட வராதாம். எல்டன்னு யாரு இங்க? அவரை வரச் சொல்றாரு.”

எல்டன் டிரக்கிலிருந்து நிமிர்ந்தான். அவன் கண் ட்ரூடியிடம் வந்தது. அவள் அவனைப் பார்த்தாள். ‘போகாதே’ என்று சொல்ல அவளுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் செலவாகியிருக்கும். அவள் தொப்பியைக் குனிந்து பார்த்தாள்.

ஷெல்பி தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள். கேமராக்காரனை விரலால் சொடுக்கிக் கூப்பிட்டாள்.

“போ எல்டன்,” என்றாள் மெதுவாக. “படம் ஓடுது. இது உன் காட்சி.”

அவன் போனான். கேமராவுக்கு முன்னால் நடக்கிறவர்கள் நடப்பது போல, முதுகை நிமிர்த்திக்கொண்டு போனான். குழியின் விளிம்பில் முழங்காலை ஊன்றி உள்ளே குனிந்தான். தலையும் தோளும் மறைந்தன.

வெர்ன் கண்ணாடியை இன்னொரு தடவை துடைத்தார். ஷெல்பி என்னைப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று சைகை காட்டினாள். ட்ரூடி குழிக்குள் விட்டுவந்த ஹெல்மெட்டில் என் மைக் இன்னும் உயிரோடுதான் இருந்தது. ஹெட்போனை மாட்டினேன்.

அந்த பெல்ட்டைக் கழற்றுவதற்கு ஒரே தட்டுப் போதும். எல்லா வாரும் ஒரே நேரத்தில் அவிழ்ந்து விழும்.

எனக்குக் கேட்டது அது இல்லை. வாரை இழுத்து இறுக்குகிற சத்தம். முதலில் ஒன்று; எல்டனின் மூச்சு குட்டையானது. பிறகு அடுத்தது. அவசரமே இல்லாமல்.